ஆசிரியர் பயிற்சி வகுப்பறைக்குள் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணியில் உள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்ததிலிருந்து, ஆசிரியர்களின் தரம் பற்றிய பேச்செல்லாம் தேர்வைச் சுற்றியே நடந்துவருகிறது. தீர்ப்பைப் பற்றி வாதிட இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. தேர்வில் தேறிய ஆசிரியரும் தேறாத ஆசிரியரும் மறுநாள் காலையில் அதே இரண்டாம் வகுப்புக்குள்தான் நுழைகிறார்கள். அங்கே அவர்கள் பாடம் நடத்தும் முறை மேம்படக் கூடவே இருந்து உதவுபவர் யார் என்ற கேள்வி எழாமலே போகிறது என்பதுதான் என் கவலை.

தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்சிக்குப் பஞ்சமில்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்காக 2022 ஜூனில் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிவாக்கப்பட்ட, அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பருவத்துக்குப் பருவம் பயிற்சி உண்டு. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்கள் உண்டு. இணையவழிப் பயிற்சிகளும் உண்டு. தமிழ்நாடு ஏற்காத தேசியக் கல்விக் கொள்கையும், ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பணிசார்ந்த கற்றலில் ஈடுபட வேண்டும் என்றே சொல்கிறது. மணிக்கணக்கில் குறையில்லை. ஆனால் அந்த நேரம் எங்கே, எப்படிக் கழிகிறது என்று பார்க்க வேண்டும். மாநில அளவில் பயிற்சி பெற்றவர்கள் கருத்தாளர்கள் எனப்படும் மாவட்டப் பயிற்சியாளர்களுக்குச் சொல்ல, மாவட்டக் கருத்தாளர்கள் ஒன்றிய அளவில் ஆசிரியர்களுக்குச் சொல்ல, படிப்படியாகச் சாரம் வடிந்து, கடைசியில் ஒரு கையேடும், திரையில் ஓடிய சில படங்களின் நினைவும் மட்டுமே ஆசிரியரிடம் வந்து சேர்கின்றன. கருத்தாளர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களில் பலர் மிகச் சிறந்த ஆசிரியர்கள். பயிற்சி நடக்கும் அந்த அரங்கில் குழந்தைகள் இல்லை என்பதுதான் குறை. ஒரு முறையை விளக்கிக் கேட்கும்போது எல்லாம் தெளிவாகவே இருக்கும். நாற்பது நிமிடப் பாடவேளையில், மூன்று வெவ்வேறு கற்றல் நிலைகளில் உள்ள குழந்தைகளை எதிரில் வைத்துக்கொண்டு அதைச் செய்யும்போது எங்கே தடுமாறுகிறோம் என்பது அங்கே யாருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

இதற்கு ஒரு விலையும் இருக்கிறது. நம் வேலூர் மாவட்டத்தின் ஈராசிரியர் பள்ளிகளில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றால், ஐந்து வகுப்புகளும் மற்றவர் கையில் விழும். அன்றைக்கு அங்கே பாடம் நடப்பதில்லை. குழந்தைகளை அமர்த்திவைப்பதே பெரும் வேலையாகிவிடும். ஓர் ஆசிரியரை மேம்படுத்த நாம் செலவழிப்பது அரசின் பணத்தோடு, அந்தக் குழந்தைகளின் நாளையும் சேர்த்துத்தான்.

உடனிருந்து வழிகாட்டுவது என்று நான் சொல்வது என்ன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கச் சொன்னால், குழந்தைகள் பலர் 35 என்று எழுதுவார்கள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, கடன் வாங்கும் முறையை மறுபடியும் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்லும். மறுநாளும் 35 வரும். வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து, ஒரே ஒரு குழந்தையின் நோட்டை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும் அனுபவமுள்ள ஒருவருக்கு, அந்தக் குழந்தை கவனக்குறைவால் தவறு செய்யவில்லை, ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறது என்பது புலப்படும். ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து, ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. குழந்தையிடம் ஒரு விதி இருக்கிறது. அது தவறான விதி. பாடம் முடிந்தபின் அவர் ஆசிரியரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்றுதான்: "டீச்சர், நாளைக்கு விடையைத் திருத்துவதற்கு முன்னால், எப்படிப் போட்டாய் என்று அந்தப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள், பிறகு பத்துக் குச்சிகள் கொண்ட கட்டைப் பிரித்துக் காட்டுங்கள்." அடுத்த வாரம் அவரே மறுபடி வந்து, அது நடந்ததா, நடந்தபோது என்ன சிக்கல் வந்தது என்று கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அது கைவந்தபின் அடுத்தது. எந்த அரங்கிலும் இதைச் செய்ய முடியாது, ஏனென்றால் அந்த 35 எந்தக் குழந்தையின் நோட்டில் இருக்கிறது என்பது அரங்குக்குத் தெரியாது.

இதுபோலவே, கேள்வி கேட்ட பின் காத்திருக்கும் நேரம். ஆசிரியர்கள் பொதுவாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்பதையும், மூன்று நொடி பொறுத்திருந்தாலே குழந்தைகளின் விடைகள் நீளமாகவும் சிந்தனையோடும் வருகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டிவிட்டார். இதை அறிந்த ஆசிரியர்கள் ஏராளம். ஆனால் தாம் எத்தனை நொடி காத்திருக்கிறோம் என்பது பாடம் நடத்தும்போது தமக்கே தெரியாது. பக்கத்தில் இருந்து பார்ப்பவர்தான் சொல்ல முடியும்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளங்கவைக்க நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் ஊர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவர் விரிவுரை கேட்டு மட்டும் மருத்துவராவதில்லை. நோயாளியின் கட்டிலருகே மூத்த மருத்துவர் நிற்க, அவர் கண்முன் பரிசோதித்து, கேட்டு, திருத்தப்பட்டு, மறுபடி செய்துதான் தேறுகிறார். ஆசிரியரை மட்டும் ஒரு பட்டயத்தோடு வகுப்புக்குள் அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்துகிறோம். இடைப்பட்ட காலத்தில் அவர் வகுப்பில் அமர்ந்து அவருடைய பாடத்தை முழுமையாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

இது வெறும் எண்ணம் அன்று. தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில், தாய்மொழியில் வாசிக்கக் கற்பிப்பது குறித்து ஓர் ஒப்பீட்டு ஆய்வு நடந்தது. இரு பிரிவுப் பள்ளிகளுக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்புகளும் வாசிப்பு நூல்களும் தரப்பட்டன. ஒரு பிரிவு ஆசிரியர்கள் மையத்துக்கு வந்து பயிற்சி பெற்றார்கள்; மற்றப் பிரிவில் வழிகாட்டி ஒருவர் பள்ளிக்கே தொடர்ந்து சென்று வகுப்பில் அமர்ந்து உதவினார். 2 ஆண்டுகளுக்குப் பிறகு, வழிகாட்டி சென்ற பள்ளிகளின் குழந்தைகளிடம் காணப்பட்ட வாசிப்பு முன்னேற்றம், மையப் பயிற்சி மட்டும் பெற்ற பள்ளிகளில் கண்டதைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. இத்தகைய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த கட்டுரையும், வழிகாட்டுதல் கற்பித்தலையும் கற்றலையும் மேம்படுத்துகிறது என்றே கண்டது. அதே கட்டுரை ஓர் எச்சரிக்கையும் செய்கிறது: சில பள்ளிகளில் சிறப்பாக நடந்த திட்டத்தை ஆயிரக்கணக்கான ஆசிரியர்களுக்கு விரிக்கும்போது பலன் குறைந்துவிடுகிறது. தகுந்த வழிகாட்டிகள் கிடைப்பதில்லை. கிடைப்பவர்களுக்கும் வேலை பெருகிவிடுகிறது. நம் அலுவலர்கள் கவனத்தில் கொள்ள வேண்டியது, பலனைக் காட்டும் எண்களைவிட இந்த எச்சரிக்கையைத்தான்.

ஏனெனில் அத்தகைய வழிகாட்டிகள் நம்மிடம் பெயரளவில் ஏற்கெனவே இருக்கிறார்கள். வட்டார வள மையங்களில் உள்ள ஆசிரியர் பயிற்றுநர்கள் இந்தப் பணிக்காகவே நியமிக்கப்பட்டவர்கள். அவர்களுடைய ஒரு வாரத்தை யாரேனும் பக்கத்தில் இருந்து பார்த்தால் வேதனைப்படுவார்கள். பள்ளி செல்லாக் குழந்தைகளின் கணக்கெடுப்பு, எமிஸ் என்னும் கல்வித் தகவல் தளத்தில் பதிவேற்றம், நலத்திட்டப் பொருள்களின் விவரம், கூட்டங்கள், அவசரமாகக் கேட்கப்படும் புள்ளிவிவரங்கள் என்று நாள்கள் கரைந்துபோக, பள்ளிப் பார்வைக்கு எஞ்சுவது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்திலும் வகுப்பறை உற்றுநோக்கல் என்ற பெயரில் கைப்பேசிச் செயலியில் கேள்விகளுக்கு விடை நிரப்ப வேண்டியிருக்கிறது. குனிந்து கைப்பேசியைப் பார்ப்பவரால் நிமிர்ந்து குழந்தையைப் பார்க்க முடியாது. மேலும், அவர்களில் பலர் ஒரு பாடத்தில் பட்டம் பெற்று உயர் வகுப்புகளுக்கான தகுதியோடு வந்தவர்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக் கெ, கே, கொ, கோ ஆகியவற்றின் வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்துப் பழகியவர்கள் அல்லர். அவர்களே வாரத்தில் ஒரு நாளாவது ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும். நடத்திக் காட்டுபவரின் சொல்லுக்கு ஆசிரியர்கள் செவிகொடுப்பார்கள்.

இங்கே ஆசிரியர்களின் அச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வகுப்பில் வெளியாள் ஒருவர் வந்து அமர்ந்தாலே அது ஆய்வு என்றுதான் நமக்குப் பழகியிருக்கிறது. பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்றதும் நன்றாக வாசிக்கும் பிள்ளைகளை முன்வரிசைக்கு மாற்றிய காலம் முற்றிலும் போய்விடவில்லை. குறையைக் கண்டால் மேலே எழுதிவிடுவார் என்று நினைக்கும் ஆசிரியர், தமக்குத் தெரியாததை அவரிடம் ஒருநாளும் சொல்லமாட்டார். தெரியாததைச் சொல்லாதவருக்கு யாராலும் உதவ முடியாது. ஆகவே ஆய்வு செய்யும் அதிகாரமும் வழிகாட்டும் பொறுப்பும் ஒரே கையில் இருக்கலாகாது. வட்டாரக் கல்வி அலுவலர் ஆய்வு செய்யட்டும். அது அவருடைய கடமை. வழிகாட்டியின் குறிப்பேடு அவருக்கும் ஆசிரியருக்கும் இடையே மட்டும் இருக்க வேண்டும். அதிலிருந்து மதிப்பெண்ணோ தரவரிசையோ எந்தச் செயலியிலும் ஏறக் கூடாது. ஆசிரியர் சங்கங்கள் இந்த ஒரு நிபந்தனையை வலியுறுத்தி, எஞ்சியவற்றில் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வகுப்பறைக் கதவைத் திறக்கவே மாட்டோம் என்பது ஆசிரியர்களின் மதிப்பைக் காக்கும் நிலைப்பாடு ஆகாது.

பழைய வடஆர்க்காட்டுப் பகுதிக்கு இது கூடுதலாகத் தேவைப்படுவதற்குக் காரணமும் உண்டு. பேர்ணாம்பட்டிலும் வேலூர் நகரின் சில பகுதிகளிலும் வீட்டில் உருது பேசும் குழந்தைகள் தமிழ்வழி வகுப்பில் அமர்கிறார்கள். பரதராமி, காட்பாடி வட்டாரத்தின் எல்லைக் கிராமங்களில் வீட்டுமொழி தெலுங்கு. அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊர்களின் பள்ளிச் சூழலே வேறு. சென்னையில் எழுதப்படும் ஒரே பயிற்சிக் கட்டகம் இவை அனைத்துக்கும் ஒரே மருந்தைத்தான் தர முடியும். உருது பேசும் ஆறு வயதுக் குழந்தைக்குப் படத்தில் உள்ள பொருளின் தமிழ்ப் பெயரே புதிது என்னும்போது, அந்தப் பெயரின் முதல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சித்தாள் எப்படிப் பயன்படும்? முதலில் பேச்சு, பிறகு எழுத்து என்று அந்த வகுப்புக்கு ஏற்றபடி வரிசையை மாற்றியமைக்க, அங்கே வந்து பார்த்த ஒருவரின் துணை ஆசிரியருக்கு வேண்டும்.

ஆசிரியர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பதும் நமக்குப் புதிதன்று. முன்பு ஆசிரியர் மையக் கூட்டங்களில் ஒருவர் மாதிரிப் பாடம் நடத்த, மற்றவர்கள் அமர்ந்து பார்த்து, பிறகு விவாதிப்பார்கள். நான் பணியில் சேர்ந்த புதிதில், கதை சொல்லும்போது எங்கே நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று குழந்தைகளைக் கேட்க வேண்டும் என்பதை அப்படி ஒரு மூத்த ஆசிரியையைப் பார்த்துத்தான் கற்றேன். ஜப்பானிய ஆசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாக இதை ஒழுங்காகச் செய்துவருகிறார்கள்: சிலர் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள், ஒருவர் உண்மையான வகுப்பில் நடத்துகிறார், மற்றவர்கள் ஆசிரியரை விட்டுவிட்டுக் குழந்தைகளைக் கவனிக்கிறார்கள், பிறகு கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். நம் குறுவள மையக் கூட்டத்தைச் சுற்றறிக்கை வாசிக்கும் இடமாக வைத்திருக்காமல், பள்ளி வேலை நாளில், குழந்தைகள் இருக்கும்போது, ஒரு வகுப்பில் நடத்தலாம். அதற்கெனத் தனி நிதி ஒதுக்கவும் தேவையில்லை.

செலவு ஆகும் பகுதியும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. மலைப் பள்ளிகளுக்குச் செல்லும் பயிற்றுநருக்கு உண்மையான பயணப்படி வேண்டும். ஒருவருக்கு இத்தனை பள்ளிகள்தாம் என்ற வரம்பு வேண்டும். புள்ளிவிவரப் பணிக்குத் தனி ஆள்கள் வேண்டும். எல்லா ஒன்றியங்களிலும் ஒரே நாளில் தொடங்குவதைவிட, அணைக்கட்டு, பேர்ணாம்பட்டு என இரண்டு ஒன்றியங்களில் முதலில் தொடங்கலாம். இராணிப்பேட்டையில் உள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிவதற்கு முன்பிருந்தே இப்பகுதி ஆசிரியர்களை அறிந்தது. அதன் விரிவுரையாளர்கள் அந்தப் பயிற்றுநர்களின் பணியை அருகிருந்து கவனித்து, அவர்களுக்கும் வழிகாட்டலாம். வழிகாட்டுபவருக்கும் ஒரு வழிகாட்டி வேண்டும் அல்லவா?

மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களிடம் நான் கேட்பது, அடுத்த பருவம் தொடங்குவதற்குள் செய்யக்கூடியதே. இந்த இரு ஒன்றியங்களின் ஆசிரியர் பயிற்றுநர்களை வாரத்தில் மூன்று நாள்கள் எல்லாப் பதிவேற்றப் பணிகளிலிருந்தும் விடுவித்து, அந்த மூன்று நாள்களும் அவர்கள் எந்தப் பள்ளியின் எந்த வகுப்பில் அமர்வார்கள் என்ற அட்டவணையை ஆசிரியர்களோடு கலந்து பேசி முன்கூட்டியே வெளியிட வேண்டுகிறேன். அந்த நாள்களில் அவர்களை வேறு எந்தக் கூட்டத்துக்கும் அழைப்பதில்லை என்று எழுத்தில் உறுதி தரவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை ஒருவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.