மெதுவாக மாற விட்டவர்களுக்கு நன்றி மடல்

வணக்கமுங்க.

நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பேக்கிங் என்று ஒரு ஆர்டர் எங்கே நிற்கிறது என்பதைத் திருப்பூர் பனியன் கம்பெனிகள் பார்த்துக்கொள்ள நாங்கள் நடத்திவரும் ஜாங்கோ (பைதானில் இணையச் செயலி கட்டும் கருவி) செயலி, ஒருநாளும் மூடாமலேயே ஏசிங்க்குக்கு, அதாவது ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போதே அடுத்த வேலையைப் பார்க்கும் முறைக்கு, மாறிவிட்டது. முழுசாக இல்லை, மாறித்தான் ஆக வேண்டிய வியூக்கள் (ஒவ்வொரு பக்கத்துக்கும் பதில் தரும் நிரல் பகுதிகள்) மட்டும். அந்த அளவோடு நிறுத்தச் சொன்னது எங்கள் டேட்டாபேஸ் அக்கா. முதல் நன்றி அவருக்கே.

எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றிவிடலாம் என்று குழுவில் எல்லோருக்கும் கை பரபரத்த நேரம். "எந்த வியூ நம்ம டேட்டாபேஸுக்காக நிக்குது, எது வெளியாளுக்காக நிக்குது, மொதல்ல பிரிச்சு எழுதுங்க கண்ணு" என்றார். எழுதிப் பார்த்ததும் ஆர்டர் நிலவரப் பக்கம் மாட்டிக்கொண்டது. கப்பல் விவரம், கூரியர், டாலர் விலை என மூன்று வெளிச் சேவைகளை ஒன்று முடிந்தபின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது; அதுவரை சர்வரில் வேலை பார்க்கும் ஒரு ஒர்க்கர் புராசஸ் சும்மா நிற்கும். டையிங்குக்குத் துணி அனுப்பிவிட்டு, அது திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிற மேனேஜர் இந்த ஊரில் உண்டா? இப்போது ஹெச்டிடிபிஎக்ஸ் லைப்ரரி வழியாக மூன்றையும் சேர்ந்தாற்போல் கேட்கிறோம். எது மெதுவோ, அதன் நேரம்தான் மொத்த நேரம்.

இன்வாய்ஸ் வியூவை மட்டும் அக்கா தொடவிடவில்லை. ஜாங்கோவில் டிரான்சாக்‌ஷன் (எல்லாப் பதிவும் சேர்ந்து நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது என்ற ஏற்பாடு) ஏசிங்க் முறையில் நேரடியாக ஓடாது; பணக் கணக்கில் டிரான்சாக்‌ஷன் இல்லாமல் முடியாது. சரி என்று விட்டுவிட்டோம்.

சர்வர் பார்க்கும் பெருந்துறைத் தம்பிக்கு அடுத்தது. செயலியை ஓட்டும் பழைய சர்வர் மென்பொருளான குனிகார்னை நிறுத்தாமல், பக்கத்திலேயே ஏசிங்க் தெரிந்த யுவிகார்னை ஓடவிட்டார். கோட் ஒன்றுதான். எந்த முகவரி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வாசலில் நின்று வழி பிரிக்கும் எஞ்சினெக்ஸில் ஒரு வரி. சரிவராவிட்டால் அந்த வரியைத் திருப்பினால் போதும். வியூக்களை ஒவ்வொன்றாக நகர்த்தும் துணிச்சல் அதில்தான் வந்தது.

மாற்றியும் வேகம் வராதபோது காரணத்தைப் பிடித்ததும் அவர்தான். ஜாங்கோவின் லாகை (நடப்பதைப் பதியும் குறிப்பு) எல்லா விவரமும் தெரியும் டீபக் நிலையில் திறந்துவைத்து, மிடில்வேருக்காக (வியூவுக்கு முன்னும் பின்னும் ஓடும் இடைநிலை நிரல்) ஏசிங்க் ஹேண்ட்லரை மாற்றியமைத்ததாக வரும் வரியைக் காட்டினார். சிங்க் (ஒன்று முடிந்தபின்தான் அடுத்தது) மட்டுமே தெரிந்த மிடில்வேர் ஒன்று நடுவில் இருந்தாலும், அதற்காக ஜாங்கோ ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் தனி திரெட் (வேலை இழை) பிடிக்கும். அப்புறம் ஏசிங்க் போட்டு என்ன லாபம்?

டெஸ்டிங் செய்யும் தங்கைக்கும் நன்றி. வியூ ஒழுங்காக இருந்தும் டெம்ப்ளேட்டில் (பக்கத்தின் அச்சு) பையர், அதாவது துணி வாங்குபவர், பெயரைத் தொட்டதும், அங்கே டேட்டாபேஸை சிங்க் முறையில் கேட்பதால், சிங்க்ரனஸ்-ஒன்லி-ஆபரேஷன் என்ற பிழை விழுவதை லைவுக்குப் போகுமுன்பே கண்டுபிடித்தார். ஆர்டரோடு பையரையும் செலக்ட்-ரிலேட்டட் போட்டு முன்பே எடுத்து வந்ததும் தீர்ந்தது.

பல்லடத்து நிட்டிங் அண்ணா, உங்கள் கணக்கில்தான் முதலில் சோதித்தோம். "லோடிங் வட்டம் சுத்தறது நின்னா சரிங்க" என்று சொல்லிவிட்டு, சீசன் நேரத்திலும் முகம் சுளிக்காமல் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் வழி போட்டவர்கள் ஆண்ட்ரூ காட்வினும் ஜாங்கோ பங்களிப்பாளர்களும். 2019 டிசம்பரில் 3.0 பதிப்பில் ஏஎஸ்ஜிஐ (ஏசிங்க் சர்வரோடு பேசும் முறை) ஆதரவு, 2020 ஆகஸ்டில் 3.1-இல் ஏசிங்க் வியூ, 2022-இல் 4.1 வந்தபோது டேட்டாபேஸைக் கேட்கும் பகுதியான ஓஆர்எம்-க்கு ஏசிங்க் வடிவம் என்று அவர்களும் படிப்படியாகத்தான் வந்தார்கள். பழைய சிங்க் கோட் எதுவும் உடையாமல் பார்த்துக்கொண்டார்களே, அதற்கே தனியாக ஒரு கும்பிடு.

பிடிஎஃப் ரிப்போர்ட்டுகள் பாக்கி இருக்கின்றன. அது காத்திருக்கும் வேலை இல்லை, கணினியின் சிபியு தானே உழைக்கும் வேலை, ஏசிங்க் உதவாது. வேலைகளைப் பின்னணியில் செய்யும் செலரிக்குத் தள்ளப் போகிறோம். அதற்கும் அக்காவிடம்தான் வந்து நிற்போம், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அன்புடன்,
செயலிக் குழுவிலிருந்து
திருப்பூர்