விலைக்கு முன்னால் ரசீது

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே மழை விட்டு நாலு நாளாகிறது. கரண்ட்தான் வருவதும் போவதுமாக இருக்கிறது.

மாமா பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறார் இல்லையா, அவருக்காக ஓகேமல் (OCaml) என்ற புரோகிராமிங் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறேன். எடை, விலை, ரசீது என்று மூன்று ஃபைல். முழுப் பருப்புக்கு ஒரு விலை, உடைந்ததற்கு ஒரு விலை. ஏதாவது ஒரு தரத்தை விட்டுவிட்டால், எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே எச்சரிக்கிறது. அதற்காகவே இந்த மொழியை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த ஃபைல்களைச் சேர்த்துப் புரோகிராமாக்க மேக் (make) என்ற கருவியை வைத்திருக்கிறேன். அதற்கான கட்டளைகளை எழுதும் மேக்ஃபைலில் ஃபைல் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதாமல் மொத்தமாக அள்ளிப் போட்டேன். அவை ஆங்கில அகரவரிசையில் எடை, ரசீது, விலை என்று வந்து நின்றன. எந்த ஃபைல் எதைச் சார்ந்தது என்று ஓகேமலோடு வரும் ஓகேமல்டெப் (ocamldep) என்ற கருவி எழுதிக் கொடுத்திருந்ததால் ஒவ்வொரு ஃபைலும் கம்பைல் ஆகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரே புரோகிராமாக இணைக்கும்போது, அதாவது லிங்க் செய்யும்போது, விலையைக் காணோம் என்று நின்றுவிட்டது. ஃபைல் கண்ணெதிரிலேயே இருக்கிறது! ராத்திரி ஒரு மணிக்குத்தான் புரிந்தது. விலை தெரியாமல் ரசீது போட முடியுமா? லிங்க் வரிசையில் விலை முன்னால் வந்தாக வேண்டும்.

ஓகேமல்டெப்பை -சார்ட் (-sort) என்று கூப்பிட்டால் சரியான வரிசையைத் தருகிறது. அந்தக் கமாண்டை மேக்ஃபைலுக்குள்ளிருந்தே ஷெல் வழியாக ஓட்டி, விடையை ஒரு மாறியில் (மதிப்பை வைக்கும் பெயரில்) வாங்கிக்கொண்டேன். அந்த இடத்தில் வெறும் = போடாதே. போட்டால் மாறியைத் தொடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கமாண்ட் திரும்ப ஓடும். := என்றால் ஒரே தடவை ஓடி, விடையை வைத்துக்கொள்ளும்.

அப்புறம் நீ கேட்டது. கம்பைலருக்குக் கொடுக்கும் ஃபிளாகை (கூடுதல் கட்டளைக் குறியை) டெர்மினலில் ஒரு மாறியில் வைத்து எக்ஸ்போர்ட் செய்தும் மேக் கண்டுகொள்ளவில்லை என்கிறாய். மேக்ஃபைலுக்குள் = என்று எழுதியிருந்தால் வெளியிலிருந்து வரும் மதிப்பு எடுபடாது. அதை ?= என்று மாற்று. வெளியே ஒன்றும் இல்லாதபோது மட்டும் ஃபைலில் உள்ளது எடுபடும். ஒரு தடவைக்கு மட்டும் வேண்டுமென்றால், மேக் என்று அடிக்கும் அதே வரியில் மாறியையும் மதிப்பையும் கொடு. அது ஃபைலில் உள்ளதையே மீறும். பிழை தேட உதவும் -ஜி (-g) ஃபிளாகை கம்பைல், லிங்க் இரண்டிலும் வை. OCAMLRUNPARAM=b என்று வைத்து ஓட்டினால், புரோகிராம் நடுவில் விழும்போது எந்த வரி என்று தெரியும்.

மேக்குக்குப் பதிலாக ஓகேமலுக்கென்றே உள்ள டியூன் (dune) என்ற கருவியைப் போட்டால் வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும், பெரிய வேலைக்கு அதுதான் சரி. மூன்று ஃபைலுக்கு மேக் போதும். 1976-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது இன்றைக்கும் என் மேஜையில் வேலை செய்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

மாற்றிவிட்டு மேக் -என் (make -n) என்று அடித்துப் பார். எதையும் ஓட்டாமல், ஓட்டப்போகும் கமாண்டுகளை மட்டும் காட்டும். அதை அப்படியே எனக்கு அனுப்பு. சித்திரையில் ஊருக்கு வந்தால் பண்ருட்டி போய் மாமாவைப் பார்த்து, பலாப்பழமும் வாங்கிக்கொண்டு வரலாம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் நண்பன்