பச்சைப் பென்சிலும் பாதாளச் சாக்கடையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெர்லின் சுவரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் அந்தச் சுவர் திறந்த 1989 நவம்பரோடு உலகில் பிளவுண்ட தலைநகரங்களின் கதையே முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தது சரியில்லை. சைப்ரஸின் நிகோசியா இன்றும் இரண்டாகத்தான் கிடக்கிறது.

அந்த ஊருக்கு ஏற்கெனவே ஒரு மதில் உண்டு. துருக்கியருக்குப் பயந்து 1567இல் வெனிஸ்காரர்கள் கட்டத் தொடங்கிய வட்ட மதில் அது, பதினொரு கொத்தளங்கள். 1570இல் ஊர் விழுந்துவிட்டது, மதில் மட்டும் நின்றது. இன்றைக்கு ஐந்து கொத்தளங்கள் தெற்கே கிரேக்கர் பக்கம், ஐந்து வடக்கே துருக்கியர் பக்கம். மிச்சம் இருக்கும் ஒன்று நடுவில், ஐ.நா. காவலில்! நம் ஊர்ப் பாகப்பிரிவினையில்கூட இவ்வளவு கச்சிதமாகப் பிரிக்கமாட்டார்கள்.

ஊரைப் பிளந்தது மதில் அல்ல, பென்சில். 1963 டிசம்பரில் இரு சமூகங்களுக்கும் கலவரம் மூண்டபோது, பிரிட்டிஷ் தளபதி பீட்டர் யங் வரைபடத்தில் ஒரு கோடு கிழித்தார். கையிலிருந்தது பச்சைப் பென்சில் என்பதால் அது ‘பச்சைக் கோடு’ ஆயிற்று. சண்டையை நிறுத்தப் போட்ட கோடுதான். 1974 ஜூலையில், கிரேக்க ராணுவ ஆட்சியின் தூண்டுதலில் சைப்ரஸில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தது. ஐந்தாம் நாள் துருக்கிப் படை வந்து இறங்கியது. அப்புறம் அந்தக் கோடு தீவை 180 கிலோமீட்டருக்குக் குறுக்கே வெட்டிவிட்டது. பெர்லினைப் போல வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகள் இங்கே இல்லை. மணல் மூட்டை, எண்ணெய் பீப்பாய், முள்கம்பி என்று கைக்குக் கிடைத்ததை வைத்தே தெருக்களை அடைத்தார்கள்.

கட்டுரையாளர் இந்தியர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைத்திருக்கலாம். அங்கே 1964இல் ஐ.நா. படைக்குத் தலைமையேற்றவர் நம் முன்னாள் தரைப்படைத் தளபதி திம்மையா. 1965 டிசம்பரில், பணியில் இருக்கும்போதே, சைப்ரஸிலேயே இறந்தார்.

எனக்கு மிகவும் பிடித்த சங்கதி வேறு. மேலே தெருவைப் பிரிக்கலாம், கீழே பாதாளச் சாக்கடையை எப்படிப் பிரிப்பது? கழிவுநீர் தெற்கிலிருந்து வடக்கே இறங்கித்தான் ஆகவேண்டும். 1978இல், அரசியல் பேச்சுகள் முட்டிக்கொண்டு நின்ற காலத்தில், இரு பக்க மேயர்களான லெலோஸ் டெமெட்ரியாடிஸும் முஸ்தபா அகிஞ்சியும் உட்கார்ந்து பேசி, இரு பக்கத்துக்கும் ஒரே கழிவுநீர்த் திட்டம் என்று முடிவு செய்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் வடக்கில். தெற்கத்தி வீட்டுக் கழிவுநீரும் அங்கேதான் போனது. மனிதர்கள் கடந்துபோக 2003 ஏப்ரல் வரை காத்திருந்தார்கள். கடைவீதியான லெட்ரா தெரு திறக்க 2008 ஏப்ரல் 3 ஆகிவிட்டது. இன்றும் அந்தத் தெருவின் நடுவில் அடையாள ஆவணத்தைக் காட்டிவிட்டுத்தான் அடுத்த கடைக்குப் போகவேண்டும்.

அடுத்த இதழிலாவது நிகோசியாவுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். வரைபடம் போட்டால், அந்தக் கோட்டைப் பச்சையிலேயே அச்சிடவும்.

— ஒரு வாசகர், தஞ்சாவூர்