குழாய்க் கிணறு வேண்டாம், பீலி போதும்

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பின குரல்செய்தி கேட்டேன். குழாய்க் கிணறு அடிக்க எவ்வளவு முடியும் என்று விசாரிக்கச் சொன்னாய். விசாரித்தேன். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ என்று நீ சொல்வாய், தெரியும். ஆனாலும் வேண்டாம், கூரையில் விழுகிற மழைத் தண்ணீரைப் பிடிக்கப் பீலி பூட்டினால் போதும். போனில் சொன்னால் அம்மா இடையில் புகுந்துவிடுவா, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆவணி பிறந்தும் சோளகக் காற்று அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் கிணற்று வாளிக் கயிற்றில் தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு வருகிறேன். ஆனி முதல் வெள்ளிக்குப் போட்ட முடிச்சுக்கும் போன வெள்ளி முடிச்சுக்கும் நடுவே இரண்டரை முழம். கிழக்கு வளவில் வைகாசியில் குழாய்க் கிணறு அடித்தார்கள். அதனால்தான் எங்கள் கிணறு இறங்கியது என்று சத்தியம் பண்ணமாட்டேன், மழையும் இல்லைத்தானே. ஆனால் அவர்கள் தென்னைக்கு மோட்டர் போடுகிற நாளில் எங்கள் வாளி சேற்றைத் தொடுகிறது. நாங்களும் அடித்தால் மேற்கு வளவு மனுசி எங்கே போவா? அவவுக்குக் கனடாவில் ஒருத்தரும் இல்லை.

குழாய்த் தண்ணீர் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, வேகம் குறைவு. போரில் சாய்ந்து இங்கே கிளிநொச்சியில் கண்டி வீதியோரம் கிடந்த தண்ணீர்த் தாங்கி உனக்கு நினைவிருக்கும். தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள் அதற்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் அதே இடத்தால் கான் கட்டின சைக்கிளை உருட்டிக்கொண்டு கிணறு தேடிப் போனோம். அதை நினைத்தால் இப்போது குறை சொல்ல வாய் வராது.

ஆனால் போன மாதம் தண்ணீர் பில் கூடுதலாக வந்தது. மீட்டர் வாசிக்கிறவரின் பிழை என்று சண்டைக்கு வெளிக்கிட்டேன். “முதலில் வீட்டைப் பாருங்கோ” என்றா அம்மா. சரி என்று ஒருநாள் இரவு எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீட்டர் இலக்கத்தை எழுதி வைத்தேன். எட்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் 60 லீற்றர் ஓடியிருக்கிறது! உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துக் கக்கூஸ் தாங்கிக்குள் ஊற்றினேன். கால் மணித்தியாலத்தில் கோப்பைக்குள் மெல்லிய நீலக் கோடு ஒன்று இறங்கியது. தேய்ந்துபோன ஒரு ரப்பர் வாசர், அவ்வளவுதான். மாதக் கணக்கில் 5 யூனிட்டுக்கு மேல், அதாவது 5,000 லீற்றர். யூனிட் கூடக்கூட விலையும் ஏறுகிற பில் அல்லவா. வாசரை மாற்றினேன். அம்மா இன்னும் சிரிக்கிறா.

அந்த 5,000 லீற்றரைப் பூநகரிப் பெரியம்மாவுக்குச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. அங்கே கிணறெல்லாம் உவர். ஒழுங்கை முகப்பில் வைத்திருக்கிற தாங்கிக்குப் பவுசர் லொறி வந்து ஊற்றினால்தான் குடிதண்ணீர். எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. வயல் வேலைக்குப் போனவர்கள் திரும்பி வரும்போது தாங்கி காலி.

இங்கே நகரத்தில் இருக்கிறவர்கள், வயல் செய்கிற கமக்காரர்தான் இரணைமடுக் குளத்தைக் குடித்து முடிக்கிறார்கள் என்கிறார்கள். கமக்காரர் நகரத்தைத் திட்டுகிறார்கள். நான் இரண்டு பக்கமும் இருந்தவன், ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு ஏக்கர் வயலில் ஓர் அடி உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் அது 12 லட்சம் லீற்றருக்கு மேல். ஆளுக்கு நாளுக்கு 120 லீற்றர் என்றால், நாலு பேர் உள்ள ஏழு குடும்பங்களுக்கு ஒரு வருசத் தண்ணீர். ஆகவே கமக்காரன் பயப்படுகிற அளவுக்கு நகரம் குடிப்பதில்லை. ஆனால் அவன் பயத்தைப் பிழை என்றும் சொல்லமாட்டேன். இரணைமடு 36 அடிக்கு நிரம்பி வான்கதவு திறந்த வருசமும் உண்டு, 2016 மாரி பொய்த்து அடுத்த வருசம் குளத்துக்குள் மாடு மேய்ந்ததும் உண்டு. அப்படிப்பட்ட வருசத்தில் சிறுபோக விதைப்புக் கூட்டத்தில் இத்தனை ஏக்கர்தான் என்று முடிவெடுத்துவிட்டு வந்து, இரவில் வாய்க்காலை வெட்டிக் கூடுதலாக விதைத்தவர்களும் எங்கள் ஆட்கள்தான். கடைவாய்க்கால்காரனுடைய கதிர் பால் பிடிக்காமல் நின்று காய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். குழாய்க் கிணறு என்றதும் எனக்கு அந்தக் கதிர்தான் நினைவுக்கு வருகிறது.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடுத் தண்ணீர் கொடுப்பதா என்று நடந்த சண்டையை இங்கே எழுதமாட்டேன். மருமகள் யாழ்ப்பாணம், நான் வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தவன், வீட்டில் சமாதானம் வேண்டும். கடைசியில் அவர்களுக்குத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டி 2024 இல் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர். உப்பைப் பிரிக்க ஓயாமல் மின்சாரம் வேண்டும், அந்தச் செலவை நினைத்தால் கூரையில் விழுகிற தண்ணீரின் அருமை தெரியும்.

விசயத்துக்கு வருகிறேன். எங்கள் கூரை ஏறக்குறைய 1,000 சதுர அடி. ஓர் அங்குல மழைக்கே 2,300 லீற்றருக்கு மேல் விழும். இப்போது அது முற்றத்தைக் கிழித்துக்கொண்டு றோட்டுக்குப் போகிறது. சுற்றிவரப் பீலி, ஒரு 5,000 லீற்றர் தாங்கி, முதல் மழை அழுக்கை வெளியே விட ஒரு வால்வு, தாங்கி நிரம்பி வழிகிறது இறங்கக் கிணற்றடியில் கல்லும் மணலும் போட்ட ஒரு குழி. ஆவணி வரைக்கும் இது தாக்குப்பிடிக்காது, பங்குனியோடு முடிந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் கிணற்றில் கை வைக்கத் தேவையில்லை. குழியில் இறங்குகிற தண்ணீரில் மேற்கு வளவுக்கும் கொஞ்சம் போகும்.

பீலிக்கும் தாங்கிக்கும் மட்டும் காசு அனுப்பு. ஐப்பசிக்கு முதல் பூட்ட வேண்டும், மழை தொடங்கினால் மேசன்மார் பிடிபடமாட்டார்கள். தாங்கி கறுப்பா நீலமா என்று அம்மா கேட்கிறா. கறுப்பு என்றால் பாசி பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். நீயும் அப்படியே சொல்லு.

அன்புடன்,
அப்பா