கடலின் சூட்டை முன்கூட்டியே சொன்னவர்களுக்கு நன்றி

அன்புள்ளவர்களே,

இந்தக் கோடையில் எங்கள் நாற்றங்காலில் வளர்ந்த பவளக் கிளைகளில் பெரும்பாலானவை பிழைத்துவிட்டன. இறங்கி வேலை செய்தது நாங்கள். எப்போது இறங்க வேண்டும் என்று சொன்னது நீங்கள். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில், கடலையும் வளிமண்டலத்தையும் ஆராயும் அமெரிக்க அரசின் நோவா அமைப்பில் பவளப்பாறைகளைக் கண்காணிப்பவர்களுக்கு. செயற்கைக்கோள் அளக்கும் கடல்பரப்பு வெப்பத்தை 5 கிலோமீட்டர் கட்டங்களாக்கி, தினமும் எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கிறீர்கள். ஒரு பகுதியில் வழக்கமாக மிகச் சூடாக இருக்கும் மாதத்தின் சராசரியைவிட 1 டிகிரி செல்சியஸ் கூடி அப்படியே நீடித்தால், பவளத்தால் தாங்க முடியாது. தனக்குள் இருந்து உணவூட்டும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். எத்தனை டிகிரி கூடியது என்பது மட்டும் போதாது, எத்தனை வாரம் நின்றது என்பதும் தெரிய வேண்டும். கடந்த 12 வாரச் சூட்டையும் சேர்த்து நீங்கள் தரும் 'டிகிரி வெப்ப வாரம்' என்ற ஒற்றை எண்ணில் இரண்டும் அடங்கிவிடுகின்றன. அது 4 ஆனால் வெளுப்பு வரும், 8 ஆனால் சாவும் வரும் என்று பயப்பட வேண்டும். எங்கள் கட்டத்தில் 3-ஐத் தாண்டியதுமே எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. 4 ஆவதற்குள், பவளக் கிளைகளைக் கட்டி வளர்க்கும் சட்டங்களை அவிழ்த்து ஆழத்துக்கு இறக்கிவிட்டோம்.

சரி, ஆழத்தில் குளிர்ச்சி இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? செயற்கைக்கோளுக்குத் தெரிவது கடலின் மேல்தோல் மட்டுமே. அடியில் கட்டிவைத்த வெப்பப் பதிவுக் கருவிகளை மாதந்தோறும் தேடிப்போய், ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, கணக்கை எடுத்துவந்த முக்குளிப்புத் தோழர்களால் தெரிந்தது. கைவிரல் கிழியக் கிழியச் செய்த வேலை அது. யாரும் படம் எடுக்காத வேலையும்கூட.

அப்புறம், அந்த மீனவ அண்ணன். அறுந்துபோன கருவி ஒன்று உங்கள் வலையில் சிக்கியது. குப்பை என்று எறியாமல் கரைக்குக் கொண்டுவந்து, யாருடையது என்று நாலு பேரிடம் விசாரித்துக் கொடுத்தீர்கள். அதற்குள் இரண்டு மாதக் கணக்கு பத்திரமாக இருந்தது. எந்த ஆழத்துக்கு இறக்கலாம் என்று நாங்கள் முடிவெடுத்தது அதைப் பார்த்துத்தான்.

எல்லாவற்றையும் காப்பாற்றிவிடவில்லை. மேட்டில் இருந்த மான்கொம்புப் பவளங்கள் பல போய்விட்டன. உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவிப்பு வந்ததிலிருந்து, இப்படி இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

எங்கள் கருவிகள் எடுத்த கணக்கு முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வைத்திருக்கிறோம். செயற்கைக்கோள் அளவைச் சரிபார்க்க உதவும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதக் கணக்கும் வரும்.

அன்புடன்,
பவள நாற்றங்கால் தன்னார்வலர்கள்