பைன் போன்சாய் பெட்டியும் நாற்றைச் சாகடிக்கும் கையேடும்: ஒரு புகார்

அனுப்புநர்
தொடக்கநிலை பைன் போன்சாய் பெட்டி வாங்கிய வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: நாற்றுகளின் வயது குறித்த பொய்த் தகவல், தவறான வளர்ப்புக் கையேடு, முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் பெட்டியில் வந்த பைன் நாற்றுகளில் என்னிடம் இருந்தவை எல்லாம் பட்டுப்போய்விட்டன. நாற்று என்றால் சில சாகத்தான் செய்யும், அதற்காக யாரும் கடிதம் எழுதிக்கொண்டிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டில் பல ஆண்டுகளாகப் போன்சாய் வளர்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். பெட்டியைப் பிரித்த அன்றே சில நாற்றுகளை அவரிடம் கொடுத்தேன். அவர் உங்கள் கையேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமீதே வைத்துவிட்டுப் போனார். அவரிடம் போனவை இன்றும் பச்சையாக நிற்கின்றன. கையேட்டில் சொன்னபடி நான் வளர்த்தவைதான் செத்தன. என் புகார் இதுதான்.

முதலில் நாற்றின் வயது. 'மூன்று வயது கருப்பு பைன், வெள்ளை பைன் நாற்றுகள்' என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறீர்கள். உள்ளே இருந்ததோ விரல் நீளம்கூட இல்லாத தண்டு. அதன் அடியில் காய்ந்தும் உதிராமல் சுற்றி நிற்கும் வித்திலைகள். அதற்கு மேல், ஒவ்வொன்றாகத் தனித்தனியே முளைத்த, நீலம் பாய்ந்த பிஞ்சு ஊசிகள். பைன் நாற்று தன் முதல் பருவத்தில்தான் இப்படித் தனி ஊசிகளாக விடும். பிறகு ஊசிகள் கொத்தாக வரத் தொடங்கும்: கருப்பு பைனில் கொத்துக்கு 2, வெள்ளை பைனில் 5. நீங்கள் அனுப்பிய எதிலும் பெயருக்கு ஒரு கொத்துகூட இல்லை. மூன்று வயது என்பது பச்சைப் பொய். வயதிலேயே இப்படி என்றால், எது கருப்பு, எது வெள்ளை என்று ஒட்டியிருக்கும் சீட்டை எந்த நம்பிக்கையில் ஏற்பது?

இந்தப் பொய் ஏட்டளவில் நிற்கவில்லை. கையேட்டின் 'வேர் நறுக்கு' பக்கத்தைப் பாருங்கள். விதை முளைத்த சில வாரங்களில், தண்டு இன்னும் ஊதா நிறத்தில் இளசாக இருக்கும்போது, அடித்தண்டை வெட்டி வேரூக்கி மருந்தில் தோய்த்து மறுபடி நடுவது பைன் வளர்ப்பவர்கள் நன்கு அறிந்த முறை. ஆணிவேர் போய், தண்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக வேர் பிடிக்கும். இளந்தண்டுக்கு மட்டுமே பொருந்தும் இந்த முறையை நீங்கள் 'மூன்று வயது' நாற்றுக்குச் செய்யச் சொல்லியிருக்கிறீர்கள். முற்றிய தண்டை வேரில்லாமல் வெட்டி நட்டால் அது விறகுதான். யாரோ எழுதியதை எடுத்து எங்கேயோ ஒட்டியிருக்கிறீர்கள் என்பது இந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது தொட்டியும் மண்ணும். பளபளப்பான பீங்கான் தொட்டி, அடியில் ஒரு துளைகூட இல்லை. நிரப்பக் கொடுத்ததோ ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் வெறும் தேங்காய் நார்த்தூள். 'தினமும் இருவேளை நீர் தெளிக்கவும்' என்று கட்டளை வேறு. பைன் வேருக்கு நீர் சட்டென்று வடிய வேண்டும், காற்று புக வேண்டும். அதனால்தான் பழகியவர்கள் தூசு போகச் சலித்த நுரைக்கல், எரிமலைக்கல், அகடாமா என்னும் ஜப்பானியக் களிமண் பருக்கை போன்ற பருக்கை மண்ணில் நடுகிறார்கள். உங்கள் தொட்டியில் நடந்ததைச் சொல்கிறேன்: தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் முதலில் பழுப்பேறியது, பிறகு நூலாக இளைத்தது, மறுநாள் காலையில் நாற்று தலைசாய்ந்து கிடந்தது. மேலே ஊசிகள் அப்போதும் பச்சைதான். நாற்றழுகல் என்று சொல்லும் பூஞ்சை நோய் இது. தேங்கிய ஈரமும் காற்றோட்டமின்மையும் இதற்கு வேண்டிய எல்லாம். இரண்டையும் நீங்களே பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

இனி, என் பொறுமை முழுவதும் தீர்ந்த இடத்துக்கு வருகிறேன். கையேட்டின் முதல் பக்கத்தில் ஹிரோஷிமா குண்டுவீச்சில் தப்பிய வெள்ளை பைன் போன்சாயின் கதையைப் பெருமையோடு போட்டிருக்கிறீர்கள். 1625 முதல் வளர்க்கப்பட்டு, 1945 ஆகஸ்ட் 6 அன்று அதை வளர்த்த யமாகி குடும்பத்தின் நாற்றங்கால் சுவரின் மறைவில் நின்று பிழைத்து, 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகப் போன அதே மரம். அந்தக் கதைக்கு அடுத்த பக்கத்திலேயே 'வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு அருகே வைத்தால் அழகாக இருக்கும்' என்கிறீர்கள்! அந்த மரம் தலைமுறை தலைமுறையாக வெளியில் வளர்ந்தது என்பதை எழுதியவர் யோசித்ததாகவே தெரியவில்லை. பைன் வெயில் குடித்து வளரும் மரம். குளிர்காலத்தில் அதற்கு உறக்கம் வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே வெப்பத்தில் அறைக்குள் அடைத்தால் அது மெல்ல மெல்லச் சாகும்.

'மாதந்தோறும் நுனியைக் கிள்ளவும்' என்ற பக்கமும் அப்படியே. நன்கு வளர்ந்த, திடமான கருப்பு பைனில் ஆண்டுக்கு ஒருமுறை கோடைத் தொடக்கத்தில் புதுக் குருத்தை நீக்கினால் இரண்டாவது துளிர் சிறிய ஊசிகளோடு வரும். அது உருவம் தேறிய மரத்துக்கான வேலை. வெள்ளை பைன் அப்படி இரண்டாவது துளிரைத் தருவதில்லை, ஆனால் இரண்டுக்கும் ஒரே விதியை எழுதியிருக்கிறீர்கள். நாற்றையோ வளரவிட வேண்டும். தண்டு பருப்பதற்கென்றே ஒரு கிளையைச் சில ஆண்டுகள் தாராளமாக ஓடவிட்டுப் பிறகு வெட்டி எறிவார்கள். ஊசியே இல்லாத அளவுக்குப் பைனை வெட்டினால் அந்த இடத்திலிருந்து பெரும்பாலும் துளிர்க்காது என்ற அடிப்படைகூடக் கையேட்டில் இல்லை. பெட்டியின் அட்டைப்படத்தில் இருக்கும் பருத்த மரமோ, உள்ளங்கை அளவு தொட்டியில் மாதாமாதம் கிள்ளி வளர்த்தால் எந்தக் காலத்திலும் வராது.

கம்பியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அலுமினியம் என்று எழுதி, துருப்பிடிக்கும் இரும்புக் கம்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் சேவைப் பிரிவின் பதிலையும் இங்கே பதிவு செய்தாக வேண்டும். எஞ்சியிருந்த ஒரு நாற்றின் வேரில் வெள்ளை இழைகள் தெரிந்ததைப் படம் எடுத்து அனுப்பிக் கேட்டேன். 'கெட்ட பூஞ்சை, வேரை வெந்நீரில் நன்றாகக் கழுவவும்' என்று பதில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பைன் வேரோடு கூடி வாழ்ந்து நீரும் சத்தும் உறிஞ்ச உதவும் பூஞ்சை அது. மாற்றி நடும்போது அந்த மண்ணில் ஒரு பிடியைப் புதுத் தொட்டியில் சேர்ப்பவர்கள் உண்டு. பைன் விற்கும் நிறுவனத்தில் இது தெரிந்த ஒருவர்கூட இல்லையா?

என் கோரிக்கைகள் இவை. பெட்டிக்கான பணத்தை முழுமையாகத் திருப்பித் தாருங்கள். மாற்று நாற்றுகள் எனக்கு வேண்டாம், வேறு யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் உண்மையான வயதை எழுதி அனுப்புங்கள். கையேட்டை விற்பனையிலிருந்து விலக்கிவிட்டு, பைன் வளர்த்துப் பழகிய ஒருவரிடம் கொடுத்துத் திருத்தி எழுதுங்கள். ஏற்கனவே பெட்டி வாங்கியவர்களுக்கு, நாற்றை வெளியே வெயிலில், துளையுள்ள தொட்டியில் வைக்கச் சொல்லி உடனே தகவல் அனுப்புங்கள். அவர்களில் பலரது நாற்றுகள் இன்னும் உயிரோடு இருக்கலாம், ஆகவே இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

'நீர் அதிகமாக ஊற்றியிருப்பீர்கள்' என்ற அச்சுப்பதிலை மட்டும் தயவுசெய்து மறுபடி அனுப்பாதீர்கள். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எழுதியது நீங்கள்தான்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

இணைப்பு: பெட்டி மேலட்டை, கையேட்டுப் பக்கங்கள், நாற்றுகள் வந்தபோதும் பட்டபோதும் எடுத்த படங்கள், ரசீது நகல்.