ரத்தம் கொடுத்தவர்களுக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும்

அன்புள்ள சொந்தங்களே,

நான் ஓய்வு பெற்றதற்கு நீலகிரி மாவட்டம் கூடலூரில் கூடி வாழ்த்தினீர்கள். பேசச் சொன்னபோது தொண்டை அடைத்துவிட்டது. அன்று சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

காசநோய் மாத்திரையை ஈரல் என்ன செய்கிறது, ஒருவருக்கு நோயைத் தீர்க்கும் அதே மாத்திரை இன்னொருவரின் ஈரலை ஏன் கெடுக்கிறது என்பதுதான் இத்தனை வருடமும் என் வேலை. ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்தை ஈரலில் உள்ள நாட்-2 என்ற நொதி மாற்றுகிறது. பிறவியிலேயே சிலருக்கு அது வேகம், சிலருக்கு மெது. நம் நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் மெதுவான வகை. அவர்கள் உடம்பில் மருந்து கூடுதல் நேரம் தங்கும், ஈரல் பாதிப்புக்கான வாய்ப்பும் கூடும். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையத்தின் கட்டுரைகளைப் படித்துத்தான் இந்தத் துறைக்குள் வந்தேன். ஆனால் படிப்பது வேறு, பந்தலூர் மழையில் ரத்தம் சேகரிப்பது வேறு.

முதல் நன்றி தோட்டத்துத் தொழிலாளர்களுக்கு. மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். அதுவரை உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் கூலிதான் விழும். தெரிந்தும் உட்கார்ந்தீர்கள். இதனால் உங்களுக்கு உடனே ஒரு பலனும் இல்லை என்று சொல்லித்தான் கேட்டேன். "எங்க பிள்ளைகளுக்காவது ஆகட்டும்மா" என்று கையை நீட்டினார் ஒரு அம்மா. கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய அந்த விரல்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

அடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் அக்கா. ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு காசநோய் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். அதைக் காமாலை என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியைத் தேடிப் போனவர்கள் உண்டு. அக்கா தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கி, "சிறுநீர் நிறம் மருந்தோடது, பயப்படாதே. சாப்பாடு பிடிக்காமல் குமட்டினாலோ, கண் மஞ்சளானாலோ அன்றைக்கே என்னிடம் வா" என்று சொல்லி, ஒவ்வொருவரையும் வாசல் வெளிச்சத்துக்கு அழைத்து வந்து கண்ணைப் பார்ப்பார். ஈரல் பாதிப்பைச் சீக்கிரம் கண்டுவிட்டால் மருந்தை நிறுத்தி, ஈரல் தேறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்கலாம். எத்தனை உயிர்கள் அவருடைய பார்வையால் தப்பின என்பது அந்த லயங்களுக்குத் தெரியும். என் கட்டுரைகளைவிட அது பெரிய வேலை என்று மனதார நம்புகிறேன்.

சேரம்பாடி பஸ் கண்டக்டர் அண்ணன்களை எப்படி மறப்பேன்! ரத்த மாதிரிகளை வைத்து ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியை, இன்ஜின் சூடு படும் என்று முன்பக்கம் வைக்க விடாமல் தங்கள் சீட்டுக்கடியில் வைத்து ஊட்டிக்குக் கொண்டுவருவார்கள். நடுவட்டம் பக்கம் மண் சரிந்து பாதை அடைபட்ட ஒரு நாளில், டீக்கடையில் ஐஸ் கேட்டு வாங்கிப் பெட்டியை நிரப்பி வைத்திருந்தார் ஒருவர். சூடுபட்டால் ரத்தத்தில் உள்ள ஐசோனியசிட் அளவு குறைந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாராம்.

ஆய்வுக்கூட அட்டெண்டர் அண்ணன், எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர்கள், கடன் வாங்கிப் படிக்க வைத்த அப்பா, எல்லாருக்கும் நன்றி. இலங்கையிலிருந்து வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த குடும்பத்துப் பெண்ணை ஆய்வுக்கூடம் வரை அனுப்பியது அப்பாவின் பிடிவாதம்.

சிகிச்சையின்போதே ஈரல் செயலிழந்து இறந்துபோன தன் தாயின் ரத்த மாதிரியை ஆய்வுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார் தம்பி ஒருவர். தம்பி, உங்கள் அம்மாவின் மாதிரி இல்லாமல் எங்கள் ஆய்வு முழுமை அடைந்திருக்காது.

இனி என் மாணவி இந்த வேலையைத் தொடர்கிறாள். மழை விட்டதும் சேரம்பாடிக்கு வருவாள். என்னிடம் காட்டிய நம்பிக்கையை அவளிடமும் காட்டுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் தோட்டத்துப் பெண்